மறு: ஸ்பாருக்குத் தமிழ் – 'பருமல்' என்று சொல்லிப் பார்க்கலாமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

விமான இறக்கைக்குள் நெடுக ஓடும் ஸ்பார் என்ற கழிக்கு, மாதிரி விமானம் கட்டும் நம் கையேட்டில் என்ன தமிழ்ச் சொல் போடலாம் என்ற இந்த இழை தொடங்கிப் பத்து நாளாகிறது. இதுவரை நான் எழுதாததற்குச் சோம்பல் காரணமில்லை, விரலெல்லாம் பசை. பைப்பர் கப் என்ற விமானத்தின் சின்ன உருவம் ஒன்றைக் கட்டுகிறேன், அதன் வலது இறக்கை மேசைமேல் ஊசி குத்திக் கிடக்கிறது. அதில் ஒரு கண்ணும் உங்கள் மடல்களில் ஒரு கண்ணுமாக இருந்தேன். அதனால் அகராதியை ஓரமாக வைத்துவிட்டு மேசையிலிருந்தே பேசுகிறேன்.

பொருள் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று மடல்களில் ஸ்பாரும் ரிப்பும் இடம் மாறியிருந்தன. அசல் ஜே-3 கப், அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து லாக் ஹேவன் என்ற ஊரில் 1938 தொடங்கி 1947 வரை கட்டிய மஞ்சள் விமானம். முன்னும் பின்னுமாக இரண்டு பேர் உட்காரலாம். கிட்டத்தட்ட 20,000 கட்டினார்கள். இறக்கை நுனிக்கு நுனி 10.74 மீட்டர். நான் கட்டுவது அதில் நாலில் ஒரு பங்கு, 2.68 மீட்டர், அங்குலக் கணக்கில் 105-ஐத் தாண்டும். ரேடியோவில் ஓட்டும் ஒற்றை இறக்கை மாதிரிகளில் 80 அங்குலத்தைத் தொட்டாலே அமெரிக்க ஆர்வலர்கள் அதைப் பெரிய மாதிரிகள் என்ற வகையில் சேர்த்துவிடுவார்கள். என் வீட்டில் கூடத்தைத் தவிர வேறு எந்த அறையிலும் இது நுழையாது. அந்தச் சண்டை தனி.

கிட் என்று வாங்கும்போது பெட்டியில் விமானம் வருவதில்லை, மரம்தான் வருகிறது. லேசரில் வெட்டிய பால்சா என்ற லேசான மரம், ஒட்டுப்பலகைத் துண்டுகள், நீளநீளமான ஸ்ப்ரூஸ் கழிகள், சுருட்டி வைத்த வரைபடம், ஒரு பை நிறையத் திருகாணி. வரைபடத்தை மேசைமேல் விரித்து, பசை ஒட்டாதபடி மேலே பாலித்தீன் தாளைப் போட வேண்டும். முதலில் ஒரு நீளக் கழியைக் கோட்டின்மேல் வைத்து ஊசியால் நிறுத்துகிறோம். அதன்மேல் மீன் வடிவத்தில் வெட்டிய பால்சா வில்லைகளை வரிசையாக நட்டுவைக்கிறோம். அந்த வில்லைதான் ரிப். ஒவ்வொரு வில்லையின் முதுகிலும் ஒரு வெட்டு இருக்கும். அந்த வெட்டுகளில் இன்னொரு நீளக் கழி போய் உட்காரும். கீழே வைத்ததும் மேலே உட்கார்ந்ததும்தான் ஸ்பார். இவை இறக்கையின் வேரிலிருந்து நுனி வரை ஓடும். கப்பில் இதே மாதிரி பின்னாலும் உண்டு. அசல் விமானத்திலும் தொடக்க காலத்தில் இது ஸ்ப்ரூஸ் மரம்தான், அலுமினியம் பிறகு வந்தது.

இனி இழையில் வந்த சொற்களுக்கு வருகிறேன்.

> முதுகெலும்பு என்று சொன்னால் குழந்தைக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். முன்பக்கம் மேலும் கீழும், பின்பக்கம் மேலும் கீழும் என்று போட்டால் ஓர் இறக்கைக்கு நாலு. நாலு முதுகெலும்புள்ள பிராணியை எந்தக் குழந்தைக்கும் தெரியாது.

> குறுக்குச் சட்டம்?

விமானத்தின் மூக்கிலிருந்து பார்த்தால் குறுக்கு. இறக்கையை மட்டும் எடுத்துக் கையில் வைத்தால் அது நெடுக்கு, வில்லைகள்தான் குறுக்கு. கையேட்டைப் பார்த்துக் கட்டும் பையன் முதல் நாளே மாட்டிக்கொள்வான்.

விட்டம் என்று எழுதியவருக்கு என் பாதி ஓட்டு. தச்சர் வாயில் இன்றும் இருக்கும் சொல். ஆனால் கார்பன் குழாயை ஸ்பாராகச் செருகுகிற விமானங்கள் நிறைய. அப்போது 'விட்டத்தின் விட்டம் 10 மி.மீ.' என்று எழுத நேரும். கணக்கு வாத்தியார்கள் விட மாட்டார்கள்.

யாழ்ப்பாணத்து அன்பர் 'வளை' என்றார். கூரை மரத்துக்கு அங்கே வழங்கும் நல்ல சொல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வளையவே கூடாத சாமானுக்கு வளை என்று பேர் வைப்பதில் மனசு ஒப்பவில்லை. அவர் கூடவே எழுதியிருந்த 'சிலாகை'யை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். உடல் பகுதியில் நெடுக ஓடும் மெல்லிய பட்டிகளுக்கு அது கச்சிதம்.

உத்தரம் பக்கம் நான் ஒரு வாரம் நின்றேன். மேல் பக்கம் அமுங்கும், கீழ்ப் பக்கம் இழுபடும் என்பது வரை உத்தரமும் ஸ்பாரும் ஒன்றுதான். ஆனால் உத்தரம் என்றதும் கண்ணில் வருவது வீடு. இரண்டு சுவரில் உட்கார்ந்துகொண்டு மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்குவது. இறக்கை அப்படி உட்காருவதில்லை. உடலோரம் பிடிபட்டிருக்க, கீழிருந்து காற்று தூக்குகிறது.

இந்த மேல் கீழ் விவகாரத்தை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில வருஷம் முன்பு நானே வரைந்து ஒரு சின்ன விமானம் கட்டினேன். எடை குறையட்டும் என்று மேல் ஸ்பாருக்கும் கீழ் ஸ்பாருக்கும் நடுவே ஒட்ட வேண்டிய பால்சாத் துண்டுகளை விட்டுவிட்டேன். மூன்றாவது பறப்பில் மூக்கைக் கீழே விட்டு இறக்கிவிட்டுக் கொஞ்சம் வேகமாக மேலே இழுத்தேன். இரண்டு இறக்கையும் கைகூப்பின. வயலில் போய்ப் பொறுக்கியபோது கீழ்க்கழி இரண்டு பக்கமும் முழுசாக இருந்தது. மேல்கழி இரண்டு வில்லைகளுக்கு நடுவில் பக்கவாட்டில் பிதுங்கி ஒடிந்திருந்தது. இழுத்தால் தாங்கும் குச்சி, இரண்டு முனையிலும் அமுக்கினால் வளைந்து நழுவிவிடுகிறது. நடுவே துண்டு இருந்திருந்தால் அதை நழுவ விட்டிருக்காது.

அந்தத் துண்டுக்கு ஆங்கிலத்தில் ஷியர் வெப் என்று பேர். இழையில் ஒருவர் 'வெட்டு வலை' என்று போட்டிருந்தார். மீன் பிடிக்கிற மாதிரி இருக்கிறது. பாடநூலில் ஷியருக்குச் 'சறுக்குப் பெயர்ச்சி' என்று இருப்பது சரிதான், ஆனால் ஒரு துண்டு மரத்தின்மேல் இவ்வளவு பெரிய பேரை ஏற்ற வேண்டுமா? நான் 'இடைப்பலகை' என்கிறேன். இரண்டுக்கும் இடையில் நிற்கும் பலகை, அவ்வளவுதான். கையேட்டில் ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில் போடுங்கள்: இடைப்பலகையின் ரேகை நின்றவாக்கில் ஓட வேண்டும். படுத்தவாக்கில் ஒட்டினால் மரம் ரேகையோடு பிளந்துவிடும்.

சரி, ஸ்பாருக்கு என்ன? பருமல் என்று சொல்லிப் பார்க்கலாமா?

பாய்க்கப்பலில் பாயின் தலைப்பைக் கட்டும் நீண்ட கழிதான் பருமல். பாய்மரம் நிற்கும், பருமல் அதில் குறுக்கே தொங்கும். காற்று துணியை அழுத்துகிறது, துணி பருமலை இழுக்கிறது, பருமல் அந்த விசையைப் பாய்மரத்துக்குக் கடத்துகிறது, அப்புறம்தான் கப்பல் நகர்கிறது. இப்போது என் மேசைக்கு வாருங்கள். இறக்கையின்மேல் இஸ்திரி வைத்து இழுத்து ஒட்டும் மேலுறை இருக்கிறது. காற்று அந்த உறையைத் தூக்குகிறது, உறை வில்லைகளைத் தூக்குகிறது, வில்லைகள் ஸ்பாரைத் தூக்குகின்றன, ஸ்பார் உடலைத் தூக்கிக்கொண்டு போகிறது. பாய் படுத்திருக்கிறது என்பதைத் தவிர எனக்கு வேறு வித்தியாசம் தெரியவில்லை.

ஆங்கிலக்காரர்களும் இந்தப் பேரைக் கப்பலிலிருந்துதான் எடுத்தார்கள். அவர்களுக்கு ஸ்பார் என்பது பாய்மரம், பருமல் எல்லாவற்றுக்கும் பொதுப்பேர். நம்மிடம் அதே கப்பல் இருக்கும்போது அவர்கள் சொல்லை எழுத்துக்கு எழுத்து பெயர்க்க வேண்டியதில்லை. சுக்கானை ஏற்கெனவே வானத்துக்கு ஏற்றிவிட்டோம், யாரும் தடுக்கவில்லை. அது அரபிச் சொல் ஆயிற்றே என்று ஒருவர் தனிமடலில் வருத்தப்பட்டார். கடல் வழியாக வந்த சொல்லிடம் கடவுச்சீட்டு கேட்க எனக்கு விருப்பமில்லை. அதோடு இந்த மரத்தின் பேரே கப்பல் சாதிதான். ஈக்வடாரிலிருந்து வரும் பால்சாவுக்கு ஸ்பானிய மொழியில் தெப்பம் என்று பொருள். 'தக்கை மரம்' என்ற யோசனை அழகு, ஆனால் நம் ஊரில் தக்கை, நெட்டி இரண்டும் வேறு சாமான்கள். தஞ்சாவூர் நெட்டி வேலைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். பால்சா பால்சாவாகவே இருக்கட்டும்.

ஒட்டிப் பார்த்தேன், ஒட்டுகிறது. மேற்பருமல், கீழ்ப்பருமல், முன்பருமல், பின்பருமல், குழாய்ப்பருமல். வில்லையில் இருக்கும் வெட்டு பருமல் வெட்டு. வரைபடத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

கப்பலில் இறங்கியதும் இன்னொன்றும் அகப்பட்டது. உடல் பகுதியில் சிலாகைகளுக்குள் வரிசையாக நிற்கும் சட்டங்களை ஃபார்மர் என்கிறோம். தமிழில் எழுதினால் விவசாயி வந்து நிற்கிறார். விலா என்று போடலாமே என்றார்கள், ஆனால் அதை ரிப்புக்குக் கொடுத்தாயிற்று. மரக்கலத்தின் விலாச் சட்டத்துக்கு 'வங்கு' என்று பேர் உண்டு. வங்குகளை நிறுத்தி, மேலே பலகை வேய்ந்து படகு கட்டுவதுபோலத்தான் விமானத்தின் உடலையும் கட்டுகிறோம். ஃபார்மர் என்பது வங்கு. இதில் எனக்கு வாதமே இல்லை, யாராவது மறுத்தால்தான் ஆச்சரியம்.

இறக்கையிலிருந்து உடலின் அடிக்கு வரும் சாய்வான கம்பிக்கு 'முட்டு' என்று எழுதியிருந்தீர்கள். தரையில் நிற்கும்போது அது முட்டுத்தான். பறக்கும்போது இறக்கை மேலே போகாமல் இழுத்துப் பிடிப்பதே அதன் வேலை. அதற்கு வேறு யோசிப்போம்.

---

மறு: மறு: ஸ்பாருக்குத் தமிழ்

இரண்டு நாளில் இத்தனை பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் பதில் எழுதினால் இறக்கை காய்ந்துவிடும், முக்கியமான இரண்டுக்கு மட்டும்.

> பருமல் என்று எழுதினால் பருமன் என்பதன் எழுத்துப்பிழை என்று நினைப்பார்கள். இயற்பியல் படிக்கும் பிள்ளைகள் நிச்சயம் குழம்புவார்கள்.

இது நியாயமான குறை. நேற்று என் கைப்பேசியே மூன்று முறை 'பருமன்' என்று திருத்தியது. மேற்பருமல், பின்பருமல் என்று அடைமொழியோடு எழுதும்போது இந்தத் தொல்லை குறைகிறது. தனியாக வரும் இடங்களில் முதல் தடவை படத்தோடும் ஸ்பார் என்ற சொல்லோடும் சேர்த்துப் போடலாம். அப்படியும் பிள்ளைகள் குழம்பினால் நானே கொடியை இறக்கிவிட்டு உத்தரத்துக்குப் போகிறேன்.

> இந்தச் சொல் யாருக்குத் தெரியும்?

நாகப்பட்டினம் பக்கத்து அம்மா ஒருவர் எழுதியிருந்ததைப் பார்த்தீர்களா? 'காத்து முறுகினா எங்கப்பா பருமல இறக்குன்னு கத்துவார், இப்ப எல்லாம் மோட்டார்தான், அந்த வார்த்தையக் கேட்டே வருஷமாச்சு' என்று. யாருக்கும் தெரியாத சொல் இல்லை இது, வேலையில்லாமல் கரையில் இருக்கும் சொல். ஸ்பாரும் நம் மாணவர்களுக்குத் தெரியாது. தெரியாத இரண்டில் ஒன்றைத்தானே சொல்லிக்கொடுக்கப் போகிறோம்?

அந்த அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும். இறக்கையின் நுனியை வேரைவிடச் சற்றுக் கீழ்நோக்கித் திருகிக் கட்டுவோம். ஆங்கிலத்தில் வாஷ்-அவுட் என்பார்கள். வேகம் குறைந்து இறக்கை பிடிப்பை இழக்கும்போது வேர்ப்பக்கம் முதலில் இழக்கட்டும், நுனி கடைசி வரை வேலை செய்யட்டும் என்பதற்காக. அப்போதுதான் விமானம் ஒரு பக்கமாகக் கவிழாமல் மூக்கை மட்டும் தாழ்த்தும். மேசையில் இதற்குச் செய்வது மிகச் சின்ன வேலை: நுனியில் பின்விளிம்புக்குக் கீழே 6 மி.மீ. குச்சி ஒன்றைச் செருகிவிட்டு மேற்பருமலையும் இடைப்பலகைகளையும் ஒட்டுவது. பசை காய்ந்ததும் திருகல் அப்படியே நின்றுவிடும். 'கழுவி விடுதல்' என்று மட்டும் யாரும் அனுப்பாதீர்கள். பாயின் மேற்பகுதியைக் கொஞ்சம் தளர்த்தி, காற்றைச் சிந்தவிட்டு ஓட்டுவதற்குக் கடற்கரையில் ஏதாவது சொல் இருந்ததா? அப்பாவோடு கடலுக்குப் போன யாராவது வீட்டில் இருந்தால் விசாரித்துச் சொல்லுங்கள்.

வலது இறக்கை முடிந்தது. இடதுக்குக் கீழ்ப்பருமலை ஊசி குத்திவிட்டேன், வில்லைகள் ஏறிக்கொண்டிருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அந்த 6 மி.மீ. குச்சியைச் செருகுவேன். அதற்குள் சொல் வந்தால் வரைபடத்தில் அதையே எழுதுகிறேன். வராவிட்டால் இப்போதைக்கு 'திருகல்'.