புதுப்பிப்பு: காந்த ட்ரெயின் பிளக், 8,000 கிலோமீட்டருக்குப் பிறகு

போன வருடம் என் பெட்ரோல் ஸ்விஃப்டுக்குக் காந்தம் வைத்த ட்ரெயின் பிளக் (ஆயிலை வடிக்க இன்ஜினின் அடியில் இருக்கும் திருகு மூடி) போட்டால் இன்ஜின் தேய்மானம் குறையுமா என்று கேட்டிருந்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த ஆயில் மாற்றும்போது சொல்வதாகச் சொன்னேன். நேற்றுக் கழற்றியாயிற்று.

நுனியில் சாம்பல் நிறக் கூழ், மை மாதிரி வழவழவென்று ஒட்டியிருந்தது. விரலில் தேய்த்தேன், நெருடவே இல்லை. வெள்ளைத் துணியில் துடைத்து வெயிலில் பிடித்தபோதுதான் மினுமினுப்பு தெரிந்தது. மெக்கானிக் அண்ணன் எட்டிப் பார்த்து, “சில்லு சில்லா வந்தாத்தான் தம்பி பயப்படணும். இது வழக்கமா தேயறதுதான்” என்றார். அதைக் கேட்டதும் பெரிய நிம்மதி.

தேய்மானம் குறைந்ததா? இந்தக் கூழை வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. காந்தம் இரும்புத் துகளைத்தான் பிடிக்கும். பிஸ்டனின் அலுமினியமும் பேரிங்கின் செம்பும் ஈயமும் தப்பிவிடும். ஃபில்டரில் சிக்காத இரும்புப் பொடி கொஞ்சம் ஆயிலோடு சுற்றாமல் நிற்கிறது, அந்த அளவுக்கு நல்லதுதான். ஆயிலை உரிய நேரத்தில் மாற்றுவதற்கு இது ஈடாகாது.

வாங்குகிறவர்கள் எந்த வகைக் காந்தம் என்று கட்டாயம் கேளுங்கள். சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் வலு இழக்கத் தொடங்கும். ஓடுகிற இன்ஜினில் ஆயில் 100 டிகிரியைத் தொடும். வாஷரும் புதிதாகப் போடுங்கள். துடைத்த பிளக்கையே திரும்ப மாட்டியிருக்கிறேன்.