தொட்டிக்குள் இறங்க மறுத்த நாள்

தென்னாப்பிரிக்காவில் குவாசுலு-நாட்டால் மாகாணத்தின் வடக்குக் கடற்கரைப் பகுதியில் ஒரு சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருக்கிறேன். சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். இங்கே வந்து 14 வருடம் ஆகிறது. நான் சொல்வது 2017 ஆகஸ்ட் மாதம் நடந்தது.

இங்கே அரவை ஏப்ரலில் தொடங்கி டிசம்பர் வரை போகும். ஆகஸ்ட் என்றால் நல்ல மும்முரம். அந்த நேரத்தில் டர்பைன் கியர்பாக்ஸ் உடைந்து ஆலை மூன்று நாள் நின்றுவிட்டது. நான்காம் நாள் காலையில் ஓட்டலாம் என்று பார்த்தால், சாற்றுத் தொட்டியில் பம்ப் இழுக்கிற வாயைச் சக்கை அடைத்திருந்தது. தொட்டியைக் காலி செய்யாமலே ஆலையை நிறுத்தியிருந்தார்கள். அடியில் முழங்கால் அளவுக்குப் பழைய சாறு கிடந்தது. யாராவது இறங்கி அடைப்பை எடுக்க வேண்டும். பத்து நிமிட வேலைதான்.

வெளியே கரும்பு லாரிகள் வரிசையாக நின்றன. எரித்து வெட்டிய கரும்பு காத்திருக்கக் காத்திருக்கச் சர்க்கரை இறங்கும். ஷிப்ட் மேனேஜர் அவசரப்பட்டது எனக்குப் புரிந்தது. ஆனால் காற்றைச் சோதிக்கிற கேஸ் மீட்டர், அளவு சரிபார்க்கப் போய் இரண்டு மாதமாகத் திரும்பி வரவில்லை. நான் எங்கள் பகுதியின் பாதுகாப்புப் பிரதிநிதி. இந்த நாட்டுச் சட்டப்படி 20 பேருக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் பிரதிநிதி இருக்கவேண்டும், ஆலை என்றால் 50 பேருக்கு ஒருவர். ஜூன் கூட்டத்திலும் ஜூலை கூட்டத்திலும் அந்த மீட்டரைப் பற்றிக் கேட்டேன். இரண்டு தடவையும் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள். அதோடு சரி.

மேனேஜர் முதலில் என்னை இறங்கச் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் வந்திருந்த, இந்த ஊர் சுலு இனப் பையன் ஒருவனைக் கூப்பிட்டார். இருபது வயதுகூட இருக்காது. சீசன் வேலை, மறுத்தால் அடுத்த வாரம் வேலை இருக்காது. அவன் பூட்ஸ் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான்.

என் பக்கத்தில் இருந்தவர் எங்கள் ஆலையின் மூத்த ஃபிட்டர், நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஒப்பந்தக் கூலியாக வந்த குடும்பத்தில் நான்காவது தலைமுறை. பாட்டியிடம் கேட்ட தமிழும் கோயில் பள்ளியில் படித்த தமிழும்தான் அவருடையது, ஆனால் என்னோடு தமிழில்தான் பேசுவார். மேன்ஹோல் மூடியைத் திறந்தபோது அழுகின முட்டை வாடை ஒரு தடவை குப்பென்று வந்தது. கொஞ்ச நேரத்தில் எனக்கு அந்த வாடையே தெரியவில்லை. கேஸ் போய்விட்டது என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"தம்பி, வாடை போச்சுன்னா கேஸ் போச்சுன்னு நினைக்காதே. மூக்கு செத்துப்போச்சுன்னு அர்த்தம்."

அது முழு உண்மை. தேங்கின சாறு புளித்தால் கார்பன் டை ஆக்சைடு வரும், அழுகினால் முட்டை வாடை அடிக்கிற ஹைட்ரஜன் சல்பைடு வரும். இரண்டும் காற்றைவிடக் கனம், அடியில் படுத்துக்கொள்ளும். ஹைட்ரஜன் சல்பைடு 100 பிபிஎம் அளவுக்கு, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு அளவுக்குப் போனால் மோப்ப நரம்பையே மரத்துப்போகச் செய்துவிடும். அதற்கும் மேலே போனால் ஆள் சரிவதற்கு அதிக நேரம் ஆகாது. சரிந்தவனைத் தூக்க இன்னொருவன் குதிப்பான், அவனும் சரிவான். அண்ணனுடைய சித்தப்பா அப்படித்தான் போனார், தன் கூட்டாளியைத் தூக்கப் போய். அதை அவர் எனக்கு அன்றைக்குத்தான் சொன்னார்.

நான் மேனேஜரிடம் போய், மீட்டர் இல்லாமல் யாரையும் இறக்கக் கூடாது என்றேன். "பத்து நிமிடம்தானே, மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டதே" என்றார். நான் வாக்குவாதம் செய்யவில்லை. மூடிய இடத்தில் இறங்குவதற்கான பர்மிட் தாளை எடுத்து மேஜையில் வைத்தேன். அதில் காற்றைச் சோதித்தவர் பெயர், அளவு, கையெழுத்து என்று மூன்று கட்டம் உண்டு. "நீங்களே கையெழுத்துப் போடுங்கள், பையனை இறக்குகிறேன்" என்றேன். பேனாவை எடுத்தார். கீழே வைத்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "நீ உத்தரவை மீறுகிறாய், ஞாபகம் வைத்துக்கொள்" என்றார். எனக்குக் கை நடுங்கியது. வீட்டில் இரண்டு குழந்தைகள், வேலையோடு கட்டப்பட்ட விசா.

பக்கத்து ஊர் ஒப்பந்தக்காரர் ஒருவரிடமிருந்து மீட்டர் வர இரண்டரை மணி நேரம் ஆனது. மீட்டரின் குழாயை மெதுவாக இறக்கினோம். வாய்ப்பகுதியில் ஆக்சிஜன் 20.7 சதவீதம். சாதாரணக் காற்றில் 20.9 இருக்கும், 19.5-க்குக் கீழே போனால் அலறும்படி மீட்டரை வைத்திருப்பார்கள். பாதி ஆழத்திலேயே அலறத் தொடங்கியது. அடியில் ஆக்சிஜன் 13. சல்பைடு எண் ஏறிக்கொண்டே போனது. அந்தப் பையன் என் தோளுக்குப் பின்னால் நின்று எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை.

ஊதுகுழல் வைத்துக் காற்றடித்து, குழாய்களைத் தகடு போட்டு அடைத்து, இடுப்புக் கயிறு கட்டி, மேலே ஒரு ஆளை நிறுத்தி, மறுபடி அளந்த பிறகு நான்தான் இறங்கினேன். மொத்தம் ஐந்து மணி நேரம் போனது.

அடுத்த வாரம் விசாரணைக் கடிதம் வந்தது. குற்றம், உத்தரவை மீறியது. அப்போதுதான் சட்டத்தை உட்கார்ந்து படித்தேன். சுரங்கத் தொழிலாளிக்கு 1996-ஆம் வருடச் சுரங்கப் பாதுகாப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு ஆபத்தான இடத்தை விட்டு வெளியேறும் உரிமையை நேராகவே கொடுக்கிறது. எங்களைப் போன்ற ஆலைக்காரர்களுக்கான 1993-ஆம் வருடத் தொழில் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி நேரான வரி இல்லை. இது மிகப் பெரிய குறை, இன்றைக்கும் என்னால் அதை ஏற்க முடியவில்லை. ஆனால் காற்றைச் சோதித்து எழுத்தில் சான்று தராமல் ஆளை இறக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அப்படியானால் அந்த உத்தரவே சட்டத்துக்கு விரோதம் என்று தொழிற்சங்கத்துக்காரர் எழுதிக்கொடுத்தார். பாதுகாப்பைக் கேட்டதற்காகப் பழிவாங்கக் கூடாது என்கிற, 1993 சட்டத்தின் 26-ஆம் பிரிவையும் சேர்த்தார்.

விசாரணையில் என்னைக் காப்பாற்றியது பேச்சு இல்லை. ஜூன், ஜூலை கூட்டக் குறிப்புகள், கையெழுத்தில்லாத அந்தப் பர்மிட் தாள், மீட்டரின் பதிவு, இந்த மூன்றும்தான். அப்புறம் அண்ணன் வந்து உட்கார்ந்து, தன் சித்தப்பா கதையை ஆங்கிலத்தில் சொன்னார். ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்போது நிர்வாகத்துக்கு எதிராகச் சாட்சி சொல்ல எத்தனை பேர் வருவார்கள்? கடிதத்தைத் திரும்பப் பெற்றார்கள். புதிதாக இரண்டு கேஸ் மீட்டர் வாங்கினார்கள்.

அந்த மேனேஜர் சீசன் முடியும்வரை என்னோடு பேசவில்லை. நவம்பரில் ஒரு நாள் இரவு ஷிப்டில் வேறொரு தொட்டி அடைத்துக்கொண்டது. நான் போய்ச் சேர்வதற்குள் அவரே மேன்ஹோல் பக்கத்தில் மண்டியிட்டு, மீட்டர் குழாயை ஒரு கையால் இறக்கிக்கொண்டு, டார்ச்சில் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். பர்மிட்டில் முதல் கையெழுத்து அவருடையது.