தொட்டால் கேட்காத திரைகள்: உங்கள் அனுபவம் என்ன?

டெலிவரி வண்டி, சென்னை

மழை வந்தாலே இந்தப் போனோடு ஒரே ரோதனை. வண்டியை ஓரங்கட்டி, ஆர்டரை முடித்துவிடலாம் என்று தொட்டால் எடுக்காது. இல்லாவிட்டால் மேப் தானாகவே பெரிதாகிச் சிறிதாகி ஆடும். ஒருநாள் யாரும் தொடாமலே வாடிக்கையாளருக்குப் போன் கால் போய்விட்டது. வாங்கி ரொம்ப நாள் ஆகவில்லை. திரைக் கோளாறா, எல்லாருக்கும் இப்படித்தானா?

மொபைல் சர்வீஸ், மதுரை

தம்பி, கோளாறு ஒன்றும் இல்லை. இப்போது வரும் போன் எல்லாமே கெபாசிட்டிவ் திரைதான். கண்ணாடிக்கு அடியில் இண்டியம் டின் ஆக்சைடு போன்ற மின்சாரம் கடத்தும் பூச்சு குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கோடாக ஓடுகிறது, கண்ணுக்குத் தெரியாது. கோடுகள் சந்திக்கும் இடங்களில் கொஞ்சம் மின்னூட்டம் தேங்கி நிற்கும். விரல் கிட்டே வந்ததும் அதில் ஒரு பங்கை நம் உடம்பு இழுத்துக்கொள்ளும். எங்கே குறைந்தது என்று சிப் பார்க்கிறது, அவ்வளவுதான். எவ்வளவு அழுத்துகிறோம் என்பதற்கு அங்கே கணக்கே இல்லை. மழைத்துளியும் அதே வேலையைச் செய்வதால் அதையும் விரல் என்று எடுத்துக்கொள்கிறது.

இதற்கு நேர்மாறும் உண்டு. சிமெண்ட்டில் புழங்கிக் காய்ப்பேறிய விரலோடு கொத்தனார் ஒருவர் கடைக்கு வருவார். அவர் எத்தனை முறை தட்டினாலும் போன் அசையாது. தோல் அவ்வளவு தடித்து உலர்ந்திருக்கிறது. மேலே ஒட்டியிருந்த தடிமனான டெம்பர்டு கிளாஸை உரித்துவிட்டு, விரலின் பக்கவாட்டால் தொடச் சொன்னேன். எடுத்தது.

‘சார்ஜ் போட்டால் மட்டும் பேய் பிடித்த மாதிரி தானாக டைப் ஆகிறது’ என்று வருபவர்களும் நிறைய. உடனே டிஸ்ப்ளேயை மாற்றச் சொல்லும் கடைகள் இருக்கின்றன. நான் முதலில் அவர்கள் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு என்னுடையதைச் செருகுவேன். பாதிப் பேருக்கு அங்கேயே சரியாகிவிடும். மலிவு சார்ஜரில் வடிகட்டல் ஒழுங்காக இருக்காது. அதிலிருந்து வரும் மின்னிரைச்சலில் எது விரல், எது இரைச்சல் என்று சிப்புக்குப் பிரித்துப் பார்க்க முடியாது.

2008-இல் வந்த நோக்கியா 5800 நினைவிருக்கிறதா? கிட்டார் மீட்டும் வில்லை போல ஒரு பிளாஸ்டிக் துண்டும் பெட்டியோடு வரும். அது ரெசிஸ்டிவ் திரை. மேலே மெல்லிய படலம், கீழே கண்ணாடி, நடுவே துளி இடைவெளி. அழுத்தினால் இரண்டும் ஒட்டும். ஒட்டிய இடத்தில் எத்தனை வோல்ட் என்று பார்த்து இடத்தைக் கண்டுபிடிக்கும். நகம், பேனா மூடி எதுவானாலும் சரி. ஆனால் இரண்டு விரல் வைத்தால் நடுவில் ஒரே புள்ளி என்று குழம்பிவிடும். 2007-இல் ஐபோன் வந்து, இரண்டு விரலால் படத்தை விரிப்பதை ஜனங்கள் பார்த்தபிறகு, போனில் ரெசிஸ்டிவ் திரைக்கு இடம் இல்லாமல் போயிற்று.

எந்திரப் பட்டறை, கோவை

போனில்தான் போயிற்று அண்ணே, எங்கள் பட்டறையில் ரெசிஸ்டிவ்தான் ராஜா. கையில் கிளவுஸ், கிளவுஸ் மேல் எண்ணெய், அதற்கும் மேல் கூலன்ட் தெறிப்பு. அழுத்தினால் போதும், மெஷின் கேட்கும். தொந்தரவு ஒன்றுதான்: ஷிப்டுக்கு ஷிப்டு ஸ்டார்ட் பட்டனையே குத்திக் குத்தி அந்த இடத்தில் படலம் வெளுத்துவிடும். அப்புறம் ஒன்றைத் தொட்டால் பக்கத்துப் பட்டன் எடுக்கும். திரையில் வரும் கூட்டல் குறிகளைத் தொட்டு காலிப்ரேஷன் செய்தால், அதாவது தொடும் இடத்தைத் திரைக்கு மறுபடி சரியாகக் காட்டிக்கொடுத்தால், கொஞ்ச காலம் ஓடும். இப்போது ஐந்து ஒயர் பேனலாகப் பார்த்து வாங்குகிறோம். அதில் அளவெடுப்பது முழுக்கக் கீழே உள்ள கண்ணாடியில், அதனால் மேல் படலம் தேய்ந்தாலும் இடம் அவ்வளவாக மாறுவதில்லை.

பள்ளி ஆசிரியை, திருவாரூர்

எங்கள் ஸ்மார்ட் போர்டில் ஒருநாள் பல்லி ஓடியது. போன வழியெல்லாம் சிவப்புக் கோடு! வகுப்பே கைதட்டியது. அது இன்ஃப்ராரெட் போர்டு. போர்டைச் சுற்றியுள்ள சட்டத்தின் ஒரு பக்கமிருந்து எதிர்ப்பக்கத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றைகள் போய்க்கொண்டே இருக்கும், எது மறைத்தாலும் அதற்குத் தொடுதல்தான். குச்சி, டஸ்டர், சேலைத் தலைப்பு, பல்லி, எல்லாம் ஒன்று. சாயங்கால வெயில் ஜன்னல் வழியே நேராகச் சட்டத்தில் விழுந்தால் தாறுமாறாக எழுதும், திரைச்சீலை போட்டுவிடுகிறேன். வாரம் ஒருமுறை சட்டத்தின் உள்விளிம்பை உலர்ந்த துணியால் துடைப்பேன். அங்கே தூசி படிந்தால் எழுதும்போது கோடு விட்டுவிட்டு வரும்.

இது புதுசும் இல்லை. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ 4 என்ற பாடம் சொல்லும் கணினியில் 1972-லேயே இதே முறை இருந்தது. திரை முழுக்க 16-க்கு 16 கட்டம்தான்.

டெலிவரி வண்டி, சென்னை

நன்றி அண்ணே. அப்போ மழைக்கு பிளாஸ்டிக் கவர் போட்டால் எடுக்குமா?

மொபைல் சர்வீஸ், மதுரை

மெல்லிய கவர் என்றால் எடுக்கும் தம்பி. உள்ளே காற்று நிற்காமல் திரையோடு ஒட்டியிருக்க வேண்டும், உப்பினால் விரல் தூரமாகிவிடும். கவர் மேல் நிற்கும் தண்ணீரையும் வழித்துவிட்டுத் தொடு. வரும் அழைப்பை வால்யூம் பட்டனில் எடுக்கும் வசதி சில போன்களில் செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி பகுதியில் இருக்கும், உன் போனில் தேடிப் பார்.