பதில்: குழந்தைகளுக்கு ஏற்ற சொல் – ‘வகுத்தெண்ணல்’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு பெரிய வேலையைச் சிறு படிகளாகப் பிரித்து ஒழுங்காக யோசிக்கும் முறையான கம்ப்யூட்டேஷனல் திங்கிங்கை ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளுக்கு விண்வெளி விளையாட்டுகள் வழியாகச் சொல்லித்தரும் கையேட்டில் அதை எப்படி அழைப்பது என்பதுதான் கேள்வி. இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது.

> ‘கணினிச் சிந்தனை’ என்றே வைக்கலாமே, கணினி எல்லோருக்கும் தெரிந்த சொல்தானே.

தெரிந்த சொல் என்பதுதான் சிக்கல். கணினி என்று காதில் விழுந்ததுமே, பிள்ளைகளை எப்போது திரை முன் உட்கார வைப்பீர்கள் என்று பெற்றோர் கேட்கிறார்கள். கணிதரும் கல்வியாளருமான சீமோர் பேப்பர்ட் 1980-லேயே ‘கம்ப்யூட்டேஷனல் திங்கிங்’ என்ற தொடரைப் பயன்படுத்தியிருந்தாலும், கணினி அறிவியலாளர் ஜெனட் விங் 2006-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் அது பரவியது. அதில் அவர் வலியுறுத்தியதே, இது கணினித் துறையினருக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் வேண்டிய அடிப்படைத் திறன் என்பதைத்தான். பெயரிலேயே கணினியை ஒட்டிவிட்டால் அந்தக் கருத்து அடிபட்டுப் போகும்.

> கோள்களின் போக்கைக் கணித்தவனைக் கணியன் என்றார்கள். விண்வெளிப் பாடத்துக்குக் ‘கணியச் சிந்தனை’ பொருத்தமாக இருக்கும்.

அழகான யோசனை, ஒரு நாள் முழுக்க மனத்தில் போட்டுப் பார்த்தேன். ஆனால் கோள், கணித்தல் இரண்டும் ஒரே வரியில் வந்தால் இன்றைய காதுக்கு ஜாதகம்தான் கேட்கிறது. வானியல் சொல்லித்தரும் இடத்தில் அந்தக் குழப்பம் வேண்டவே வேண்டாம். மூன்றாவதாக வந்த ‘கணிமைச் சிந்தனை’ (கணிமை என்றால் கம்ப்யூட்டிங்) பெரியவர்களுக்கு ஒத்துவரும். ஆனால் அதிலிருந்து ஒரு வினைச்சொல் பிறக்காது. ‘கணிமைச் சிந்தி’ என்று எந்தக் குழந்தையிடமும் சொல்ல முடியாது.

சொல்லை முடிவு செய்யும் முன், அந்த விளையாட்டில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். தரையில் சுண்ணக்கட்டியால் கட்டங்கள் வரைகிறோம். ஒரு குழந்தை ஊர்தி, இன்னொரு குழந்தை கட்டுப்பாட்டு அறை. கட்டுப்பாட்டு அறைக் குழந்தை அம்புக்குறி அட்டைகளை வரிசையாக அடுக்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொள்ள வேண்டும். ஊர்தி முழுப் பாதையையும் முடிக்கும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது. இந்த விதி குழந்தைகளை வதைக்க வைத்ததல்ல. செவ்வாய்க்கு ஒரு செய்தி போய்ச் சேரவே, கோள்கள் இருக்கும் தொலைவைப் பொறுத்து, சுமார் 3 முதல் 22 நிமிடம் ஆகும். அங்குள்ள ஊர்தியைப் பொம்மைக் கார் போல ஓட்ட முடியாது. அன்றைய வேலையை மொத்தமாக யோசித்து, சிறு சிறு படிகளாக்கி அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

முதல் ஆட்டத்தில் பெரும்பாலும் ஊர்தி தவறான பக்கம் திரும்பிவிடும். “நான் வலதுன்னுதானே வச்சேன்!” என்று ஒரு குரல். அப்புறம் யாருக்கு வலது என்ற வாக்குவாதம். எனக்கா, எதிரே நிற்கும் ஊர்திக்கா? இந்த வாக்குவாதத்தை நான் இடையில் புகுந்து தீர்ப்பதே இல்லை. மற்றவர் நிற்கும் இடத்தில் தன்னை வைத்து யோசிக்கக் குழந்தைகள் கற்பது அந்தச் சில நிமிடங்களில்தான்.

கட்டங்களுக்கு நடுவே ஒரு வட்டம் போட்டுப் பள்ளம் என்போம். 2023 ஆகஸ்ட் 27 அன்று சந்திரயான்-3-இன் பிரக்யான் ஊர்திக்கு 3 மீட்டர் முன்னால் 4 மீட்டர் விட்டமுள்ள பள்ளம் தென்பட்டதையும், வந்த தடத்திலேயே திரும்ப அதற்குக் கட்டளை போனதையும் சொன்னால் போதும், ‘பள்ளம் இருந்தால் திரும்பு’ என்ற அட்டையைக் குழந்தைகளே கேட்டு வாங்குகிறார்கள்.

ஆக, நடப்பது இரண்டு: பெரிய வேலையைச் சிறிதாகப் பிரித்து ஒழுங்குபடுத்துவது, அனுப்பும் முன் மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பது. இரண்டுக்கும் நம்மிடம் வினைச்சொற்கள் இருக்கின்றன. ‘வகு’ என்றால் பிரிப்பது, திட்டமிடுவதும் அதுவே. வழி வகுக்கிறோம், வியூகம் வகுக்கிறோம். ‘எண்ணு’ என்றால் நினைப்பது, எண்ணிக்கை செய்வதும் அதுவே. விண்மீனை எண்ணும் குழந்தையும் எண்ணுகிறது, பாதையை யோசிக்கும் குழந்தையும் எண்ணுகிறது. சிந்தனையையும் கணக்கையும் ஒரே சொல் தாங்கும்போது வேறு எங்கு போய்த் தேட வேண்டும்?

எனவே என் பரிந்துரை ‘வகுத்தெண்ணல்’. “வகுத்து எண்ணிப் பார்” என்று குழந்தையிடம் அப்படியே சொல்லலாம். வகுத்தெண்ணும் திறன், வகுத்தெண்ணல் விளையாட்டு என்றும் நீட்டலாம்.

வகுத்தல் கணக்கோடு குழம்பாதா என்று ஒரு நண்பர் தனிமடலில் கேட்டார். இந்த வயதில் பலர் இன்னும் வகுத்தல் கணக்குக்கே வந்திருக்க மாட்டார்கள். பின்னால் வரும்போது, அங்கும் ஒன்றைப் பிரிப்பதுதான் வேலை என்பதால், முரண்பாடு ஏதும் இல்லை.

கட்டளைகளில் உள்ள பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் டீபக்கிங்குக்கு ‘வழுநீக்கம்’ ஏற்கெனவே புழங்குகிறது, நல்ல சொல். கையேட்டில் ‘பிழை பிடித்தல்’ போட்டிருக்கிறேன், குழந்தைகள் அதை ஓடிப்பிடிக்கும் விளையாட்டு போல எடுத்துக்கொள்கிறார்கள்.

நான் இன்னும் தடுமாறுவது அப்ஸ்ட்ராக்ஷனில். நிலாப் பள்ளத்தின் ஆழம், கற்கள், நிழல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு வட்டமாக வரைகிறோமே, அந்தச் செயலுக்கு ஒரு வினைச்சொல் வேண்டும். ‘அருவமாக்கல்’ குழந்தை வாயில் நுழையாது. ‘சாரமெடுத்தல்’ ஓரளவு நெருங்குகிறது, ஆனால் எதையெல்லாம் விட்டோம் என்பது அதில் தெரியவில்லை. யாருக்காவது ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.