மருந்துக்கடையில கஞ்சா: பாசல் ஆய்வு நமக்கு எதுக்கு?

புள்ளிப்புலி: சுவிட்சர்லாந்து பாசல்ல 2023 ஜனவரியில ஆரம்பிச்ச ஆய்வு. ஏற்கெனவே கஞ்சா புகைக்கிற 370க்கும் மேற்பட்டவங்களைக் குலுக்கல்ல ரெண்டாப் பிரிச்சாங்க. ஒரு பாதிக்கு மருந்துக்கடையில சட்டப்படி சரக்கு, மறுபாதிக்கு ஆறு மாசம் பழைய கள்ளச்சந்தைதான். முடிவு 2025ல வந்துச்சு. கடையில கிடைக்குதேன்னு அந்தப் பாதி மொத்தத்துல கூடுதலா இழுக்கல. நம்ம சிங்கப்பூர் ஆளுங்க இதையெல்லாம் படிக்கவே மாட்டாங்களா?

உட்லண்ட்ஸ் அக்கா: நான் படிச்சேன் தம்பி. பழக்கத்தால வர்ற சிக்கலை மதிப்பெண் போட்டு அளந்தாங்க. கடையில வாங்கினவங்களுக்குக் கொஞ்சம் குறைஞ்சது, ஆனா அடிச்சுச் சொல்ற அளவுக்கு இல்ல. மனச்சோர்வு, பதற்றம் ரெண்டுலயும் வித்தியாசமே இல்ல. இதுக்கா மேளதாளம்?

புள்ளிப்புலி: வேற போதையும் சேர்த்து எடுத்தவங்ககிட்ட நல்லாவே குறைஞ்சிருக்கே, அதை விட்டுட்டீங்களே. ஆபத்துல முதல் வரிசையில நிக்கிறவன் அவன்தான். பொட்டலத்துல வீரியம் எவ்வளவுன்னு அச்சடிச்சிருக்கு, கொடுக்கிறவர் பயிற்சி எடுத்த மருந்தாளர், நின்னு ரெண்டு வார்த்தை பேசுறார். கள்ளச்சந்தைக்காரனா பேசுவான்?

கோப்பி ஓ: ரெண்டு பேருக்கும் ஒண்ணு சொல்றேன். அது முழுக்கப் பழகினவங்களை வச்சுப் பண்ண ஆய்வு. இதுவரைக்கும் தொடாத பையன் தொடுவானாங்கிற கேள்விக்கு அதுல பதில் தேடாதீங்க. 500 கிராமுக்கு மேல கடத்தினா தூக்குங்கிற நம்ம சட்டம் கண்ணு வச்சிருக்கிறது அந்தப் பையன் மேலதான். தாய்லாந்து 2022ல திறந்துவிட்டுச்சு, 2025ல டாக்டர் சீட்டு வேணும்னுட்டான். அங்க போய் இழுத்தாலும் சிங்கப்பூரர்னா இங்க குற்றம்தான் லா, மறந்துடாதீங்க.

புள்ளிப்புலி: சரிதான், ஒத்துக்கிறேன். ஆனா ஏற்கெனவே பழகினவன் இங்கயும் இருக்கான்ல? அவன் யார்கிட்ட வாயைத் திறப்பான்?

உட்லண்ட்ஸ் அக்கா: என் தம்பி திறக்கல. அதிகாரிங்க கதவைத் தட்டின அன்னிக்குத்தான் அம்மாவுக்கே தெரியும். இட்லிப் பானையை அடுப்புல வச்சபடியே நின்னாங்க, தண்ணி வத்திக் கருகின வாடை வந்த பிறகுதான் யாரோ அணைச்சாங்க. மறுவாழ்வு நிலையம், அப்புறம் மாசக்கணக்கா சிறுநீர்ப் பரிசோதனை. பரிசோதனைக்குப் போற காலையில எல்லாம் அவன் யார்கிட்டயும் பேச மாட்டான்.

புள்ளிப்புலி: அதைத்தான் அக்கா சொல்றேன். முன்னாடியே பேச ஒரு ஆள் இருந்திருந்தா?

உட்லண்ட்ஸ் அக்கா: இருந்திருக்கலாம். ஆனா இப்போ ஆறு வருஷமா அவன் தொடல. அதை எந்தப் பாதியில சேர்ப்பீங்க?