பதில் கோப்பு எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லலாமா?

கல்மண்டபம் (சனி, காலை 10.12)
தண்டையார்பேட்டையில் ஒரு மாலைநேரக் கணினிப் பயிற்சி நிலையம். 22 மேசைக் கணினிகளுக்குப் புதிதாக ஓஎஸ் (விண்டோஸ்) போட்டுத் தர ஒப்புக்கொண்டிருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை இரவு வகுப்பு முடிந்ததும் சாவியைத் தருவார்கள், திங்கள் மாலை பிள்ளைகள் வரும்போது எல்லாம் ஓட வேண்டும். சிலவற்றில் அண்மையில் எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் போட்டிருக்கிறார்கள், மற்றவை பழையபடி.

இதுவரை ஒவ்வொரு கணினி முன்னாலும் உட்கார்ந்து மொழி, விசைப்பலகை, நேர மண்டலம், பயனர் பெயர் என்று கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். இந்த முறை எல்லாப் பதில்களையும் பதில் கோப்பு எனப்படும் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதிப் பென் டிரைவில் எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல் வெளியே வைத்துவிட்டேன். விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸ் நிறுவி அந்தக் கோப்பைத் தானாகத் தேடிப் படிக்கும். கடையில் சோதித்தேன். செருகிவிட்டு டீ குடிக்கப் போய்த் திரும்பினால் இந்திய நேரம், தமிழ் 99 விசைப்பலகை, மாணவர் கணக்கு எல்லாம் அமைந்து மேசைத்திரை காத்திருக்கிறது. ஒரு சொடுக்குக்கூட இல்லை. இனியும் கையால் நிறுவுகிறவர்கள் ஆயுளை வீணாக்குகிறார்கள் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் வரலாம்.

பழைய வண்ணை (காலை 10.47)
வந்துவிட்டேன் தம்பி. ஓஎஸ் போடுவது வேலையில் கால் பங்கு. அதன்பிறகு ஆபீஸ், டாலி, தட்டச்சுப் பயிற்சி மென்பொருள், பிரிண்டர் டிரைவர் எல்லாவற்றையும் யார் ஏற்றுவது? ஒரு கணினியைக் குறையில்லாமல் தயார் செய். குளோன்ஜில்லா என்ற மென்பொருளில் அதன் டிஸ்க்கை இமேஜாக, அதாவது முழு நகலாக எடு. மற்ற 21-இலும் இறக்கிவிட்டு வீட்டுக்குப் போ.

நீ புதிதாகக் கண்டுபிடித்தது போல் பேசுவதால் சொல்கிறேன். எக்ஸ்பி காலத்திலேயே பதில் கோப்பு உண்டு. நானே என்லைட் என்ற கருவியில் சர்வீஸ் பேக்கையும் (புதுப்பிப்புத் தொகுப்பு) டிஸ்க்குக்கான சாட்டா டிரைவரையும் சேர்த்துச் சிடி எரித்துவைத்திருந்தேன். அது இல்லாவிட்டால் பல கணினிகளில் எஃப்6 அழுத்தி ஃபிளாப்பியில் டிரைவர் ஊட்ட வேண்டும், மறந்தால் நீலத்திரை. அத்தனையும் செய்துவிட்டுத்தான் குளோனுக்கு வந்தேன்.

கல்மண்டபம் (காலை 11.05)
அண்ணா, மென்பொருளையும் அதே கோப்பு ஏற்றும். முதல் உள்நுழைவில் ஓட வேண்டிய கட்டளைகளை அதிலேயே வரிசையாக எழுதலாம்.

குளோன் எனக்கு ஒத்துவராது. 14 கணினிகள் ஒரே மாடல், மீதி 8 உதிரிபாகம் வாங்கிச் சேர்த்தவை. ஒரே இமேஜை எல்லாவற்றிலும் இறக்க வேண்டுமானால் முதலில் விண்டோஸின் சிஸ்பிரெப் கருவியை ஓட்டி, அந்தக் கணினிக்கே உரிய அடையாளங்களை நீக்கிப் பொதுவாக்க வேண்டும். ஏதாவது ஒரு ஸ்டோர் செயலி ஒரே ஒரு பயனருக்கு மட்டும் ஏறியிருந்தாலும் சிஸ்பிரெப் முரண்டுபிடித்து நின்றுவிடும். சிஸ்பிரெப் வேண்டாம் என்று நேரடியாக நகலெடுத்தால் 22 கணினிக்கும் ஒரே எஸ்ஐடி (விண்டோஸ் கணினிக்குத் தரும் அடையாள எண்).

பழைய வண்ணை (காலை 11.20)
எஸ்ஐடி பூச்சாண்டி இன்னும் ஓயவில்லையா? அதை மாற்றுவதற்கென்றே நியூஎஸ்ஐடி என்ற கருவியை எழுதிய மார்க் ருசினோவிச்சே 2009-இல் அது தேவையற்றது என்று சொல்லிக் கைவிட்டார். 15 வருடமாகக் குளோன் செய்கிறேன், ஒரு கணினியும் என்னிடம் வந்து அழவில்லை.

பேசின் பாலம் (நண்பகல் 12.31)
இனி அழும் ஐயா. 2025 ஆகஸ்ட் இறுதியில் தொடங்கி வந்த புதுப்பிப்புகளுக்குப் பிறகு விண்டோஸ் 11-இன் 24எச்2, 25எச்2 பதிப்புகளில் எஸ்ஐடி ஒன்றாக இருக்கும் இரு கணினிகள் ஒன்றையொன்று உள்ளே விட மறுக்கின்றன. பகிர்ந்த ஃபோல்டர் திறக்காது, கடவுச்சொல் சரியாக இருந்தாலும் தவறு என்று சொல்லும். பயிற்சி நிலையத்தில் ஆசிரியர் கணினியிலிருந்து பாடக் கோப்பை எடுக்க முடியாமல் 21 பேர் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். 2009-இல் அவர் சொன்னது அன்றைக்குச் சரி.

கல்மண்டபத்துக்கும் ஒரு கேள்வி. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கும். அந்தப் பழைய கணினிகளில் அது இருக்கிறதா? இல்லையென்றால் டெபியன் லினக்ஸ் போடலாமே. அதன் பதில் கோப்பான ப்ரிசீட் ஒன்றை எழுதி, வலையமைப்பு வழியே பூட் செய்தால் பென் டிரைவே வேண்டாம். அங்கிருக்கும் ரவுட்டரின் டிஎச்சிபியோடு (கணினிகளுக்கு முகவரி தரும் சேவை) மோதாமல் டிஎன்எஸ்மாஸ்க் என்ற மென்பொருளை ப்ராக்ஸி முறையில் ஓட்டினால் போதும்.

கல்மண்டபம் (நண்பகல் 12.50)
டிபிஎம் இல்லை. நிறுவியின் முதல் கட்டத்திலேயே அந்தச் சோதனையைத் தாண்டும் ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் அமைப்புப் பதிவேடு) வரிகளைக் கோப்பில் சேர்த்திருக்கிறேன். இப்படிப் போட்டால் ஆண்டுதோறும் வரும் பெரிய பதிப்பு தானாக வராது என்பதை நிலையத்தாரிடம் எழுதியே கொடுத்துவிட்டேன். டெபியன் நல்லதுதான். ஆனால் இந்தப் பிள்ளைகள் தேடப்போகிற வேலை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் டாலி பார்க்கிற வேலை. அவர்களுக்கு லினக்ஸில் வரும் லிபர் ஆபீஸைக் கற்றுக்கொடுத்துவிட்டு நான் கொள்கைவீரனாக வீட்டுக்குப் போக முடியாது.

எண்ணூர் மாணவி (பிற்பகல் 1.15)
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எடை குறைத்த விண்டோஸ் ஐஎஸ்ஓ (நிறுவும் வட்டின் கோப்பு வடிவம்) என்று டெலிகிராமில் கிடைக்கிறதே, அதில் எல்லாக் கேள்விக்கும் முன்பே பதில் சொல்லி வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டால் என்ன?

பழைய வண்ணை (பிற்பகல் 1.18)
அம்மா, வேண்டாம். யார் வீட்டுச் சமையலறை என்று தெரியாமல் சாப்பிடுவதுபோல. உள்ளே எதை எடுத்தார்கள், எதைச் சேர்த்தார்கள் என்று உனக்குத் தெரியாது.

கல்மண்டபம் (பிற்பகல் 1.22)
இதில் அண்ணா சொல்வதை அப்படியே ஏற்கிறேன். போன மாதம் இப்படி ஒன்று கடைக்கு வந்தது. பில் போடும் பழைய மென்பொருளுக்கு டாட்நெட் 3.5 என்ற துணைத் தொகுப்பு வேண்டும். ஒழுங்கான ஐஎஸ்ஓவில் அதற்கான கோப்புகள் சோர்சஸ் ஃபோல்டருக்குள் எஸ்எக்ஸ்எஸ் என்ற இடத்தில் இருக்கும், டிஸ்ம் என்ற விண்டோஸ் கட்டளையால் இணையம் இல்லாமலே ஏற்றிவிடலாம். எடை குறைத்தவர் அதையும் குப்பை என்று வீசிவிட்டார். புதுப்பிப்பும் ஏறவில்லை. கடைசியில் முழுதாக அழித்தேன். மைக்ரோசாஃப்ட் தளத்தின் ஐஎஸ்ஓவை எடுத்துக்கொள்ளுங்கள், வேண்டாததை நீக்கும் கட்டளைகளை நீங்களே எழுதுங்கள். அப்போது எதை நீக்கினீர்கள் என்பதாவது தெரியும்.

மின்ட் அச்சகம் (மாலை 4.40)
நான் கணினித் தொழிலில் இல்லை. மின்ட் தெருப் பக்கம் திருமண அழைப்பிதழ் அச்சிடும் கடை வைத்திருக்கிறேன். "ஒரு சொடுக்குக்கூட இல்லை" என்று இங்கே ஒருவர் பெருமைப்பட்டதைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

போன ஆண்டு ஆடி மாதம், வேலை குறைவாக இருக்கும் நேரம் பார்த்து ஓஎஸ் போட ஒருவரை அழைத்தேன். கணினியில் இரண்டு டிஸ்க். ஒன்றில் விண்டோஸ், மற்றதில் 11 ஆண்டு பேஜ்மேக்கர் டிசைன் கோப்புகள். விண்டோஸ் இருப்பதை மட்டும் அழியுங்கள் என்று இரண்டு முறை சொன்னேன். பென் டிரைவைச் செருகிவிட்டு, "தானாகப் போய்விடும் அம்மா" என்று சொல்லிக் கீழே போய் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து பார்த்தால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கிறது. புது விண்டோஸ் என் கோப்புகள் இருந்த டிஸ்க்கில் ஏறியிருக்கிறது. மீட்டுத் தருகிறவரிடம் கொடுத்ததில் பாதிக் கோப்புகள் வந்தன, பெயர் இல்லாமல், எண் எண்ணாக. ஆவணியில் "அக்காவுக்கு அடித்த அதே டிசைனில் தங்கைக்கும்" என்று வந்தவர்களிடம் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்?

கல்மண்டபம் (மாலை 5.02)
அம்மா, வருத்தமாக இருக்கிறது. ஆனால் அது அந்த ஆளின் அலட்சியம். கோப்பு என்ன செய்யும்? கத்தியைக் குறை சொல்ல முடியுமா?

மின்ட் அச்சகம் (மாலை 5.06)
கத்தி தானாக நடந்து போய் வெட்டாது தம்பி. இது போனது.

பேசின் பாலம் (மாலை 5.48)
அம்மா சொல்வதுதான் சரி. நடந்தது பெரும்பாலும் இதுதான்: பதில் கோப்பில் "டிஸ்க் 0, முழுதும் அழி" என்று இருந்திருக்கும். எது 0 என்பதைக் கணினி தீர்மானிக்கிறது. ஒரே டிஸ்க் உள்ள கணினியில் எழுதிச் சோதித்த கோப்பு, எஸ்எஸ்டியும் பழைய ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்திருக்கும் கணினியில் வேறொன்றைப் பிடித்துக்கொள்ளலாம். அந்த டெக்னீஷியன் தன் கடையில் நூறு முறை சரியாக ஓட்டியிருப்பார்.

உபுண்டு லினக்ஸ்காரர்கள் இதை யோசித்திருக்கிறார்கள். 20.04 சர்வர் பதிப்பில் வந்த ஆட்டோஇன்ஸ்டாலில் எல்லாப் பதிலையும் எழுதிக் கொடுத்திருந்தாலும் டிஸ்க்கில் கை வைப்பதற்கு முன் "தொடரலாமா" என்று ஒரு முறை கேட்கும். அதுவும் வேண்டாம் என்றால் பூட் வரியில் தனியாக ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும். காரணத்தையும் ஆவணத்திலேயே சொல்லியிருக்கிறார்கள்: செருகிய கணினியை எல்லாம் அழிக்கும் பென் டிரைவை யாரும் தெரியாமல் செய்துவிடக் கூடாது.

விண்டோஸிலும் வழி இருக்கிறது. கோப்பில் டிஸ்க் பகுதியையும் எங்கே நிறுவுவது என்ற பகுதியையும் எழுதாமல் விட்டால், அந்த ஒரு திரை மட்டும் வந்து நிற்கும். மற்ற எல்லாம் தானாக ஓடும்.

கல்மண்டபம் (மாலை 6.10)
அப்படியென்றால் 22 கணினி முன்னாலும் போய் நிற்க வேண்டுமே. நான் தொடங்கியதே அதைத் தவிர்க்கத்தான்.

பழைய வண்ணை (மாலை 6.14)
பென் டிரைவ் செருக எப்படியும் 22 முறை போகத்தானே வேண்டும்? இரண்டு நிமிடம் கூடுதலாக நில். கால் வலித்தால் குளோனுக்கு வா.

பேசின் பாலம் (மாலை 6.20)
ஐயா, குளோனும் டிஸ்க்கைத்தான் கேட்கும். எஸ்டிஏ, எஸ்டிபி என்று இரண்டு டிஸ்க்கைக் காட்டும்போது தூக்கக் கலக்கத்தில் தவறானதைத் தேர்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

பழைய வண்ணை (மாலை 6.25)
ஒரு முறை நானும் செய்திருக்கிறேன். எந்தக் கடை என்று சொல்ல மாட்டேன்.

பேசின் பாலம் (மாலை 6.33)
கல்மண்டபம், இன்னொன்று. நிர்வாகிக் கடவுச்சொல்லும் வைஃபை கடவுச்சொல்லும் அந்தக் கோப்பில் இருக்குமே. புரியாத எழுத்தாகத் தெரிந்தால் பூட்டியிருப்பதாக நினைக்க வேண்டாம். அது பேஸ்64 என்ற வெறும் எழுத்து மாற்றம், யார் வேண்டுமானாலும் ஒரு நொடியில் திருப்பிவிடலாம். வேலை முடிந்ததும் பென் டிரைவை அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள்.

கல்மண்டபம் (ஞாயிறு, பிற்பகல் 12.05)
தூக்கம் வரவில்லை. காலையில் நிலையத்தைத் திறக்கச் சொல்லி 22 கணினிகளின் பக்க மூடியையும் கழற்றிப் பார்த்தேன். எஸ்எஸ்டி போட்ட 9 கணினிகளில் 6-இல் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். ஆசிரியர் கணினியில் பென் டிரைவை விட்டு, டிஸ்க்பார்ட் கட்டளையில் டிஸ்க் பட்டியல் எடுத்தேன். 0 என்று காட்டியது ஹார்ட் டிஸ்க்கை. உள்ளே மூன்று வருட வினாத்தாள்களும் மாணவர் கட்டணக் கணக்கும் இருக்கின்றன. நகல் எங்கே என்று கேட்டேன். "அதுதானே நகல்" என்றார் ஆசிரியர்.

மின்ட் அச்சகம் அம்மா, டிஸ்க் பகுதியைக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டேன். ஆறு கணினிகளிலும் ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கிவிட்டுத்தான் தொடங்கப்போகிறேன். குளோன் பற்றிய என் கருத்து மாறவில்லை, அண்ணா.

மின்ட் அச்சகம் (பிற்பகல் 12.30)
கேபிளைப் பிடுங்கினால் அதில் ஒரு தாள் ஒட்டி எழுதி வையுங்கள். திரும்பச் செருக மறந்துவிடுவீர்கள்.

பழைய வண்ணை (பிற்பகல் 12.41)
யுபிஎஸ் பேட்டரியைப் பார்த்தாயா? ராத்திரி ஒரு தடவை கரண்ட் போனால் 22-உம் நடுவழியில் நிற்கும்.

கல்மண்டபம் (பிற்பகல் 12.44)
பார்த்தேன். நான்கில் உயிர் இல்லை. ஐந்து ஐந்தாகத்தான் ஓட்டப்போகிறேன்.