எங்கள் குடும்பம் (வாட்ஸ்அப் குழு), 2021 ஆகஸ்ட் 10, சிட்னி

சித்தி (மாலை 6.40): குடிசன மதிப்பீட்டுப் படிவம் இன்றிரவு நிரப்ப வேண்டும். அம்மா (பிள்ளைகளின் அம்மம்மா) ஆங்கிலம் எவ்வளவு நன்றாகப் பேசுவார் என்று கேட்கிறது. மிக நன்றாக, நன்றாக, நன்றாக இல்லை, அறவே இல்லை. எதைப் போடுவது?

பெரிய மாமா: "நன்றாக". கொழும்பில் ஆங்கிலத்திலேயே வேலை பார்த்தவர்.

அம்மா: அண்ணா, அது 1983க்கு முன்பு.

சித்தி: போன மாதம் டாக்டர் சொன்னதற்கெல்லாம் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டினார். காருக்குள் ஏறியதும், "பிள்ளை, அவர் என்ன சொன்னவர்?" என்று கேட்டார்.

சின்ன மாமா: பாவம் அம்மா.

பெரிய மாமா: அதற்காகப் படிக்காதவர் போல எழுதுவதா?

அம்மா: இது படிப்பைப் பற்றிய கேள்வி இல்லை. எந்தப் பகுதியில் எத்தனை பேருக்கு உரைபெயர்ப்பாளர் தேவை என்று இதை வைத்தும்தான் பார்ப்பார்கள். கௌரவத்துக்காக "நன்றாக" என்று போட்டால் அந்தத் தேவை கணக்கில் வராது.

சித்தி: அதைத்தான் நானும் சொல்கிறேன்.

பெரிய மாமா: சரி, இன்னொன்று. எல்லோரும் கவனமாகக் கேளுங்கள். வீட்டு மொழியாக ஒன்றைத்தான் எழுதலாம். பட்டியலில் தமிழ் இல்லை. "வேறு" என்பதைத் தெரிவு செய்து நாமே எழுத வேண்டும். "ஆங்கிலம் மட்டும்" என்று போட்டால் அந்த ஆள் தமிழ்க் கணக்கில் இல்லை. 2016இல் ஆஸ்திரேலியா முழுவதும் 73,000 சொச்சம் பேர்தான் தமிழ் என்று எழுதினார்கள். வம்சாவளிக்கு இரண்டு எழுதலாம், மொழிக்கு அப்படி இல்லை. ஆளுக்கு ஆள் தனியாகக் கேட்பார்கள், பிள்ளைகளுக்கும்

சின்ன மாமா: எங்கள் பிள்ளைகளுக்கு?

மாமி: என்னோடு தமிழ். தங்களுக்குள் ஆங்கிலம்.

பெரிய மாமா: தமிழ் என்றே எழுதுங்கள்.

சித்தி: தமிழ்ப் பள்ளியை நிறுத்தும்போது இது நினைவில் இல்லையா?

மாமி: அக்கா, அந்தக் கதை இப்போது வேண்டாம்.

நான்: சித்தி, அம்மம்மாவின் இரண்டாவது கொரோனா ஊசி எப்போது?

சித்தி: வியாழன் காலை. யார் கூட்டிப் போவது?

சின்ன மாமா: ஊரடங்கில் நான் அங்கே வரலாமா?

நான்: பராமரிப்புக்காக என்றால் வரலாம்.

அம்மா: யாராலும் முடியாவிட்டால் 131 450க்கு அழையுங்கள். இரவு பகல் எப்போதும் தொலைபேசியில் உரைபெயர்ப்பாளர் கிடைப்பார். ஊசி போடும் இடத்திலும் கேட்கலாம். பேரப்பிள்ளையை வைத்து மருந்து விஷயம் பேசாதீர்கள்.

பெரிய மாமா: அம்மாவையே கேட்டாயா?

சித்தி: கேட்டேன். "வாசிப்பேன், பேசமாட்டேன் என்று எழுது" என்கிறார். வாசிப்பதைப் பற்றிப் படிவத்தில் கேள்வியே இல்லை.

பெரிய மாமா: அப்படியானால் "நன்றாக".

அம்மா: அண்ணா!

சித்தி: இதை விட்டுவிட்டு மற்றக் கேள்விகளை நிரப்புகிறேன். ஒன்பது மணிக்குள் முடிவு சொல்லுங்கள்.

சின்ன மாமா: வியாழன் நான் வருகிறேன். மருந்துப் பட்டியலை எடுத்து வை.